கண்ணுக்குத் தெரியாத வேலி

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர்களுள் பெரும்பாலோர் ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் சீக்குப்பாறைக் காட்சிமுனையையும் கண்டு, மாலை மயங்குவதற்குள் இறங்கிவிடுகின்றனர். மலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய எடப்புளி நாட்டில் அவர்களுக்கு வேலையில்லை. நாம் அங்குச் சென்றதும் மலையழகை நாடியன்று. அந்நாட்டுப் பெண்ணொருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அக்கேள்விக்கு அன்று நாம் விடை கூறவில்லை.

நடந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு, சமவெளியிலுள்ள ஒரு பங்கில் (பெயர் வேண்டா) ஆலயத்தின் முன்னே வெறுந்தரையாய்க் கிடந்த முற்றத்தை அழகுபடுத்துவதென்று முடிவாயிற்று. புல்தரை பதிப்பது, கெபியைச் சுற்றிப் பூச்செடிகள் நடுவது, கம்பிவேலி போடுவது என்று திட்டம். குழுவில் நாமும் இருந்தோம். மலையிலிருந்து கூலிக்கு வந்த ஏழெட்டுப் பேர் பத்து நாள் மண் வெட்டிப் புல் பதித்தனர். அதே வாரத்தில் பங்குத் திருவிழா. இளைஞர்கள் சமூக நாடகம் ஒன்றை மேடையேற்றினர். மலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், கழுத்தை நெரிக்கும் வட்டிக்காரன், மருந்துக்கு வழியில்லாமல் சாகும் குழந்தை என்று கதை போயிற்று. தாயாக நடித்த மாணவிக்குக் கந்தல் சேலை உடுத்தி, முகத்தில் கரியும் பூசியிருந்தார்கள். கடைசிக் காட்சியில் கூட்டமே விம்மியது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

கூட்டம் கலைகையில், புல் பதித்த பெண்களுள் ஒருவர் நம்மிடம் வந்தார். “வாத்தியாரய்யா, கூலிக்காரி படுற கஷ்டத்தப் பாத்து இத்தனை பேரு அழுதாங்களே! பத்து நாளா நான் இங்கதானுங்க குனிஞ்சு புல்லு பதிச்சுக்கிட்டு இருந்தேன். ஒருத்தருகூட என்னைப் பாக்கலீங்களே, அது எப்படிங்க?” என்றார். அவர் குரலில் கோபமில்லை. விளங்காத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவரின் குரலாகவே அது இருந்தது.

நாடக வசூலில் மிஞ்சிய தொகை, பூங்காச் செலவில் விழுந்த துண்டை அடைக்க எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அத்தீர்மானத்தில் நம் கையொப்பமும் உண்டு.

பூங்கா ஒரு கலை. நாடகமும் ஒரு கலை. முன்னது உழைப்பை மறைத்து அழகைக் காட்டுகிறது. பின்னது, குறிப்பாகச் சமூக யதார்த்த நாடகம், மறைந்த உழைப்பையும் வறுமையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிக்கொள்கிறது. எனவே ஒன்று மற்றதற்கு மாற்று என்றே நாம் நினைத்திருந்தோம். அப்பெண்ணின் கேள்வி அந்த நினைப்பைக் குலைத்துவிட்டது. பிறர் உழைப்பு கண்ணில் படாததால் இனிமையாக இருக்கும் ஒன்றை இரசிப்பது குற்றமா? பிறர் துன்பம் கண்ணில் படுவதால் உருக்கமாக இருக்கும் ஒன்றை இரசிப்பது மட்டும் நற்செயலாகிவிடுமா?

தமிழில் ‘தோட்டம்’ என்னும் சொல்லே இவ்வகையில் சிந்தனைக்குரியது. கொங்குப் பகுதியில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள விளைநிலம். மழையை நம்பிய மேட்டுநிலம் காடு. கண்ணுக்கு விருந்தாக மட்டும் இருக்கும் இடத்துக்கு அச்சொல் எளிதில் பொருந்துவதில்லை. அதற்குப் பூங்கா என்றும், கோயிலைச் சார்ந்ததாயின் நந்தவனம் என்றும் வேறு பெயர்கள் உண்டு. ஆங்கிலேயர் மலைகளில் தேயிலையும் காப்பியும் பயிரிட்டபோது ‘தோட்டம்’ புதியதொரு பொருளையும் பெற்றது. தோட்டத் தொழிலாளி, தோட்டத்துரை, தோட்டத்து லயம் என்று ஒரு தனி உலகமே அச்சொல்லுக்குள் குடியேறிற்று. இலங்கையில் மலையகத் தமிழரை இழித்துக் கூறும் வசைச்சொல்லும் தோட்டத்திலிருந்தே பிறந்தது. அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது நாமறிந்த வரலாறு. ஆக, தமிழனின் காதில் தோட்டம் என்ற சொல் விழும்போது முதுகு வளைந்த ஓர் உருவமும் உடன் வந்து நிற்கிறது.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பழம்பூங்காக்களிலோ அவ்வுருவம் கண்ணில் படாமலிருப்பதே கலையின் உச்சமாகக் கருதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கலையின் பேராசானாக விளங்கியவர் லான்சலாட் பிரவுன் (1716–1783). எந்த நிலத்தைக் கண்டாலும் அதில் நல்ல வாய்ப்புகள் உள்ளன என்று கூறும் வழக்கத்தால் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று பெயர் பெற்றார். நேர்கோட்டுப் பாத்திகளையும் கத்தரித்த செடிகளையும் அகற்றிவிட்டு, அலையலையான புல்வெளி, வளைந்து கிடக்கும் ஏரி, ஆங்காங்கே மரத்தோப்பு என்று அமைத்தார். யாருமே அமைக்காமல் தானே அமைந்ததுபோல் தோன்ற வேண்டும் என்பது நோக்கம். குன்றுகளைக் கரைத்தும் ஓடைகளைத் தேக்கியும் அத்தோற்றத்தை உண்டாக்குவதற்கு மண் சுமந்த ஆட்கள் எத்தனையோ பேர். பார்க்கிறவர் அவர்களை நினைக்காதபோதுதான் வேலை வெற்றி பெற்றதாகப் பொருள்.

அப்பூங்காக்களின் ஓர் உறுப்பு நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹா-ஹா’ என்று வேடிக்கையான பெயர். மாளிகைப் புல்தரைக்கும் அப்பாலுள்ள மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே வேலியில்லை. மாறாக, ஓர் அகழி வெட்டி அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தான சுவராகக் கட்டிவிடுவார்கள். மாளிகையின் பலகணியிலிருந்து பார்த்தால் அகழி தெரியாது. மாடுகளும் ஆடுகளும் அவற்றை மேய்க்கிறவனும் நம் புல்தரையிலேயே நிற்பதுபோல் தோன்றும். ஆயினும் ஒரு கன்றுக்குட்டிகூட இப்பக்கம் வர இயலாது. ஓவியத்தில் உள்ளதைப்போல் அழகுக்கு வேண்டிய தூரத்தில் அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள்.

சில இடங்களில் அகழியும் போதவில்லை. நூன்ஹம் கோர்ட்னி என்னும் சிற்றூரை ஹார்கோர்ட் பிரபு 1760-களில் தம் பூங்காவின் காட்சிக்கு இடையூறென்று கருதி அப்படியே பெயர்த்து வேறிடத்தில் அமைத்தார். டார்செட் மாவட்டத்தின் மில்டன் அபி என்னுமிடத்தில் மில்டன் பிரபு, ஏரியும் புல்வெளியும் அமைப்பதற்காக ஒரு சந்தை ஊரையே சிறிது சிறிதாக இடித்தார். குடியிருந்தவர்களுக்குச் சற்றுத் தொலைவில் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற கூரை வீடுகள் கட்டிக்கொடுத்தார். தம் குத்தகையை விட்டுக்கொடுக்க மறுத்த வழக்குரைஞர் ஒருவரை வெளியேற்ற மதகைத் திறந்து வீட்டுக்குள் தண்ணீர் விட்டதாகவும், அவர் வழக்காடி வென்றதாகவும் கூறுவர். அந்தக் கூரை வீட்டு வரிசை இன்று இங்கிலாந்தின் மிக அழகிய சிற்றூர்களுள் ஒன்றாகச் சுற்றுலாப் பயணிகளால் படம் பிடிக்கப்படுகிறது!

விவிலியம் அறிந்தவர்க்கு இக்கதை பழங்கதை. அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் ஆகாபு மன்னன் நாபோத்திடம் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது எதற்காக? அரண்மனைக்கு அருகில் இருந்ததால், அதைத் தனக்கொரு காய்கறித் தோட்டமாக்கிக்கொள்ளத்தான். மன்னன் மாற்று நிலமும் தருவதாகச் சொன்னான், விலையும் பேசினான். இன்றைய இழப்பீட்டுச் சட்டங்களின் கண்கொண்டு பார்த்தால் அவன்மீது அதுவரை குறை சொல்ல இடமில்லை. நாபோத்துக்கு அது மூதாதையர் விட்டுச்சென்ற உரிமைச் சொத்து. அவன் மறுத்தான், ஈசபேலின் சூழ்ச்சியால் கல்லெறியுண்டு மாண்டான். கதையில் நமக்கு அச்சமூட்டுவது கொலை மட்டுமன்று. தோட்டம் வேண்டும் என்ற ஆசை எத்தனை எளிமையானது, எத்தனை வீட்டுத்தனமானது!

நமக்கும் இங்கிலாந்தின் பூங்காக்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். 1751-இல் ஆர்க்காட்டைக் கைப்பற்றிக் காத்துப் பெயர் பெற்ற இராபர்ட் கிளைவ், பின்னர் வங்காளத்தில் பெருஞ்செல்வம் திரட்டிச் சென்று, சர்ரே மாவட்டத்தின் கிளேர்மான்ட் பண்ணையை வாங்கினார். பழைய மாளிகையை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டும் பொறுப்பு அதே பிரவுனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1770-இல், வங்காளம் கொடும்பஞ்சத்தில் மடிந்தது. கிளைவ் 1774-இல் இறந்துபோனார், பூங்கா இருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட அறிக்கையொன்று, தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியுடனோ அடிமை வாணிகத்துடனோ தொடர்பிருந்ததை எடுத்துரைத்தது. பூக்களைப் பார்க்க வந்த இடத்தில் இவையெல்லாம் எதற்கு என்று அந்நாட்டில் பலர் சினந்தனர். அச்சினம் நமக்கும் புரிகிறது; பங்குப் பேரவையில் வசூல் கணக்கைக் கிளறியபோது நம் முகத்திலும் அதே சினம் இருந்திருக்கும்.

ஆயினும், அழகைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்துபோக நம்மால் இயலவில்லை. உதகமண்டலம் தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்கைவர்தான் பின்னாளில் நீலகிரியில் சிங்கோனா மரங்களை வளர்த்தவர். அம்மரத்தின் பட்டையிலிருந்து மலேரியாவுக்கு மருந்தாகிய கொய்னா கிடைத்தது. அத்தோட்டங்களில் வேலை செய்தவர்களுள் மலாயாப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். நடுவட்டத்தில் அவர்கள் அடைபட்ட சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கைதியின் வியர்வையில் விளைந்த மரம், எத்தனையோ கூலிக்காரர் உயிரைக் காத்தது. எதை எதனோடு கழித்துக் கணக்கை முடிப்பது? கொல்லிமலையில் மக்கள் பணியாற்றிய ஜெசி பிராண்ட் 1929-இல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அவருடைய மனைவி எவலின் முதுமையிலும் மலைமக்களிடையே உழைத்து 1974-இல் மறைந்தார். அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர். ஆனால், மலைமக்களை அகழிக்கு இப்பால் நின்று பார்க்காதவர்கள் என்பதால் அவர்களை நினைத்துக்கொள்கிறோம்.

உதகைப் பூங்காவின் மேட்டில் தோடர் மந்து ஒன்று இன்றும் உண்டு. புல்தரையில் அமர்ந்து சிற்றுண்டி அருந்திய குடும்பங்கள் சற்றே ஏறிச்சென்று தோடர் வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. எருமை மேய்த்த நிலத்தில் பூங்கா வந்தது. நிலத்துக்குரியவர்கள் பூங்காவின் காட்சிப்பொருள்களுள் ஒன்றாயினர். இங்கே அகழிகூட வெட்டத் தேவைப்படவில்லை.

இனி நாடகத்துக்கு வருவோம். 1966 நவம்பர் 16-ஆம் நாள் பிபிசி தொலைக்காட்சி, கென் லோச் இயக்கிய ‘கேத்தி கம் ஹோம்’ என்னும் நாடகத்தை ஒளிபரப்பியது. வீடிழந்து, தங்குமிடம் தங்குமிடமாக அலைந்து, கணவனைப் பிரிந்து, இறுதியில் அதிகாரிகளிடம் பிள்ளைகளையும் பறிகொடுக்கும் ஓர் இளந்தாயின் கதை அது. செய்திப்படம்போல் எடுக்கப்பட்டிருந்ததால் பலர் அதை உண்மை நிகழ்ச்சியென்றே எண்ணினர். ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் பார்த்தனர். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, முன்பே திட்டமிடப்பட்டிருந்த ‘ஷெல்ட்டர்’ என்னும் வீடற்றோர் அமைப்பு தொடங்கப்பட்டபோது மக்கள் மனம் அதற்குப் பண்பட்டிருந்தது. ஆனால், வீடற்றோர்க்கு இடமளிக்கும் கடமையை உள்ளாட்சிகள்மீது சுமத்தும் சட்டம் 1977-இல்தான் வந்தது. ஓரிரவில் சுரந்த கண்ணீர் சட்டமாக உறைவதற்குப் பதினோராண்டுகள் ஆயின.

நம் நாட்டில் கோமல் சுவாமிநாதன் 1980-இல் மேடையேற்றிய ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டில் கே. பாலசந்தர் அதைத் திரைப்படமாக்கினார். குடிநீருக்கு ஏங்கும் அத்திப்பட்டி மக்கள், மனுக் கொடுத்துச் சலித்து, தாங்களே வாய்க்கால் வெட்டத் துணிகிறார்கள். அரசு இயந்திரம் சட்டத்தைக் காட்டித் தடுக்கிறது. சென்னைச் சபாக்களில் கைதட்டி உருகியவர்கள் வெளியே வந்து வண்டியேறி வீட்டுக்குப் போனார்கள். அதே சென்னை 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வருவதற்குக் காத்துக் கிடந்தது! அத்திப்பட்டி நாடக மேடையிலிருந்து இறங்கிப் பார்வையாளர் வரிசைக்கே வந்துவிட்டதுபோல் அன்று நமக்குத் தோன்றியது. தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984-இல் ‘ஹம் லோக்’ தொடரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கடன் கவலையாவது இடம்பெற்றது. பின்னாளில் வந்தவற்றில் பெரும்பாலும் மாடிப்படியும் பட்டுச்சேலையுமே எஞ்சின.

மேடையில் ஏழையின் துன்பத்தைக் கண்டு நாம் சிந்தும் கண்ணீர் எத்தகையது? இக்கேள்வியைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் புனித அகுஸ்தினார். கார்த்தேஜ் நகரில் மாணவராயிருந்தபோது நாடகப் பித்துக் கொண்டிருந்ததைத் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில் அவர் ஆராய்கிறார். தான் படவிரும்பாத துன்பத்தை மேடையில் கண்டு வருந்த மனிதன் ஏன் விரும்புகிறான்? அங்கே அவனை யாரும் உதவிக்கு அழைப்பதில்லை, வருந்துவதற்கு மட்டுமே அழைக்கிறார்கள். போதிய அளவு வருந்த முடியாவிட்டால் பணம் வீணாயிற்றென்று குறைப்படுகிறான். வருந்தினாலோ மகிழ்ச்சியோடு அழுதுகொண்டு அமர்ந்திருக்கிறான்! இது என்ன இரக்கம் என்று அவர் வியக்கிறார். எடப்புளி நாட்டுப் பெண் அகுஸ்தினாரைப் படித்தவர் அல்லர். இருவர் கேள்வியும் ஒன்றே.

அகுஸ்தினாரோடு முழுவதும் உடன்பட நமக்குத் தயக்கமுண்டு. நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசனிடம் சென்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னாரே, அதுவும் ஒரு சமூக நாடகம்தானே? அரசன் நல்ல பார்வையாளன். கதையில் ஒன்றி, சினந்து, அச்செல்வன் சாக வேண்டியவன் என்று தீர்ப்பும் கூறினான். அத்துடன் நாத்தான் திரை போட்டிருந்தால் தாவீது மனநிறைவோடு உறங்கியிருப்பான். தன்னை நீதிமான் என்று முன்னிலும் அதிகமாக நம்பியிருப்பான். அந்தச் செல்வன் நீயே என்று நாத்தான் விரலை நீட்டியதால்தான் கதை அரசனைத் தொட்டது. நம் பங்கு நாடகத்தில் வட்டிக்காரனுக்கு மீசையும் தங்கச் சங்கிலியும் கொடுத்து அவனை நம்மினின்று வெகுதொலைவில் நிறுத்தியிருந்தோம். கூலியைப் பேரம் பேசிக் குறைத்த ஒரு குழுவினர் அந்நாடகத்தில் இல்லை. வேலையாட்களுக்குத் தண்ணீர் வைக்க மறந்த ஒரு முற்றம் அதில் இல்லை. கதாசிரியரான இளைஞரைக் குறை கூறுவதற்கில்லை. தெரிந்திருந்தாலும் எழுதத் துணிந்திருப்பாரா? எழுதியிருந்தால் நாம் அனுமதித்திருப்போமா?

மேடையின் முன்விளிம்பில் எரியும் விளக்கு வரிசையும் ஓர் அகழிதான் போலும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், செய்யப்படும் வேலை எத்தகையது என்பதைவிட அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதே உழைப்புக்கு மதிப்புத் தருகிறது என்று விளக்கினார். கல்விக்கூட்டங்களில் இதை நாம் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். ஆனால், புல் பதித்தவரின் பெயரைப் பத்து நாளில் ஒருமுறையும் கேட்கவில்லை. உயிர்ப்பு நாளன்று மகதலா மரியா இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார். அப்படி நினைத்தபோதும் ‘ஐயா’ என்றுதான் அழைத்தார். யோவான் நற்செய்தியின் அப்பகுதியை எத்தனை ஆண்டுகள் வாசிக்கக் கேட்டிருக்கிறோம்! அந்த ஒரு சொல் நம் காதில் விழவேயில்லை.

கார்ன்வாலில் ஹெலிகன் என்னும் பூங்கா பல்லாண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது. 1990-இல் அதைத் துப்புரவாக்கியவர்கள், தோட்டக்காரர்களின் கழிவறைச் சுவரில் பென்சிலால் எழுதிய சில பெயர்களைக் கண்டனர். அடியில் 1914 ஆகஸ்டு என்றிருந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய மாதம் அது. எழுதியவர்களுள் பலர் போரிலிருந்து திரும்பவில்லை. மாளிகைக்காரர் வரலாற்றைவிட அந்தப் பெயர்களை நினைவுகூர்வதற்கே இப்பூங்கா என்று மீட்டவர்கள் முடிவு செய்தனர். அழகும் குறையவில்லை, மக்களும் வராமலில்லை.

எடப்புளி நாட்டில் அப்பெண்ணின் வீட்டைத் தேடிப்பிடித்தபோது உச்சிப்பொழுது. பெயரைக் கேட்டறிந்துதான் சென்றோம். இங்கே எழுதாதது அவர் விருப்பம். சவுக்கு மரங்கள்போல் நெடிது நின்ற வெள்ளோக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே காப்பிச் செடிகள், இடையே வாழை, ஓரத்தில் பலா. சாமையும் தினையும் விளைந்த காட்டில் இப்போது மரவள்ளி. சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிறது. மகன் குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருந்தான். திட்டமிட்டு வரைந்த எந்தப் பூங்காவுக்கும் குறையாத அழகு அங்கிருந்தது. அப்படி நினைத்த கணமே, நாமும் பலகணியில் நின்று பார்க்கிறோமோ என்ற ஐயமும் எழுந்தது.

வாசலருகே ஒரு சாண் அகலப் பாத்தியில் டிசம்பர்ப் பூவும் செவ்வந்தியும் இருந்தன. விற்பதற்கா என்றோம். “இல்லீங்க, பாக்கறதுக்குத்தான்” என்றார். தண்ணீர் எங்கிருந்து ஊற்றுகிறீர்கள் என்றதற்கு, கீழே ஊற்றிலிருந்து இரண்டு குடம் கூடுதலாகச் சுமப்பதாகச் சொன்னார். அந்த இரண்டு குடத்தை வைத்து அழகைப் பற்றி நாம் கட்டியிருந்த குற்றப்பத்திரிகையைப் பாதி கிழித்துப்போட வேண்டியதாயிற்று.

வசூல் பணத்தின் கதையை அவரிடம் சொன்னோம். சிரித்துவிட்டார். “அப்போ நாடகத்துக் கூலிக்காரி சம்பளத்துல என் கூலியக் குடுத்தீங்களாக்கும்” என்றார். பிறகு, கருப்பட்டிக் காப்பியை நம் கையில் கொடுத்துவிட்டு, “இந்த வருசத் திருவிழாவுக்கும் நாடகம் உண்டுங்களா?” என்று கேட்டார்.

உண்டு என்றோம்.

“யாருங்க நடிக்கிறாங்க?” என்றார்.